வீக்கம் இறங்கிடுச்சு

ஜன்னல் ஓரத்தை எனக்கு விடறீங்களாக்கா? வாந்திக்காக இல்ல. வாந்தியெல்லாம் நாலாம் மாசத்தோட நின்னு போச்சு. எச்சில் துப்பணும். நேத்திலிருந்து ஊறிக்கிட்டே இருக்கு, முழுங்கலாம்னா தொண்டைக்குள்ள இறங்க மாட்டேங்குது. பேச்சும் இப்படித்தான் வரும், வாயில கொழுக்கட்டையை வச்சுக்கிட்டுப் பேசற மாதிரி. தப்பா எடுத்துக்காதீங்க.

ரொம்ப நன்றிக்கா.

சேலம் வரைக்குமா? நாங்களும் சேலம்தான். பின்னாடி படிக்கட்டுக்கிட்ட நீலச் சட்டை, ஒரு கையில பையும் ஒரு கையில போனுமா நிக்கறார் பாருங்க, அவர்தான் எங்க வீட்டுக்காரர். முனிராஜ். தர்மபுரியில பைக் ஷோரூம்ல வேலை. முந்தாநாள் எனக்கு வளைகாப்பு. எங்கம்மா கையோட கூட்டிட்டுப் போயிருக்கணும். அப்பா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து படுத்த படுக்கையா இருக்கார், அதனால அம்மா எனக்கு வளையலைப் போட்டுட்டு அன்னைக்கே ஓடிட்டாங்க. இன்னைக்கு நாள் நல்லா இருக்குன்னு எங்க அத்தை, இவரோட அம்மா, சொன்னதால இவரே கொண்டு வந்து விடறார்.

இந்த வெயில்ல கழுத்தைச் சுத்தித் துண்டு எதுக்குன்னுதானே பாக்கறீங்க? குளிருதுக்கா. உங்களுக்குக் குளிரலையா?

ஒண்ணுமில்ல, பல்லுவலி. இப்ப அதுவும் இல்ல. வீக்கம் இறங்கிடுச்சு.

நான் பல்லுக்காகவே எடுத்த பொண்ணுக்கா. சிரிக்காதீங்க, நெசமாத்தான். இவங்க ஊரு பென்னாகரம் பக்கம். அங்க போர் தண்ணியில ஃப்ளோரைடு ஜாஸ்தி, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சின்ன வயசிலிருந்து அதைக் குடிச்சு வளர்ந்தவங்களுக்குப் பல்லு பழுப்பா ஆயிடும். எதைப் போட்டுத் தேய்ச்சாலும் போகாது. பல்லு உருவாகறப்பவே ஆகற கறை அது, நான் படிச்சிருக்கேன். இவருக்கும் அப்படித்தான். எங்க அத்தைக்கு, மாதம்மா அவங்க பேரு, சிரிப்பு வந்தா முந்தானை தானா வாய்க்குப் போயிடும். புதுசுல நான் அதை வெட்கம்னு நெனைச்சேன்.

பொண்ணு பாக்க வந்தப்ப நகையைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. நான் தட்டைக் கொண்டு போய் நீட்டறேன், அத்தை தட்டையே பாக்கல. "கண்ணு, கொஞ்சம் சிரி"ன்னாங்க. எனக்கு அழுகைதான் வந்துச்சு. எங்க சித்தப்பா, "சிரியேம்மா, ஆதார் போட்டோவுக்குத்தான் சிரிக்கக் கூடாது, இதுக்குச் சிரிக்கலாம்"னார். அதுல சிரிச்சுட்டேன். அத்தை இவர் பக்கம் திரும்பி, "டேய், ட்யூப்லைட் போட்ட மாதிரி இருக்குடா"ன்னாங்க. அவ்வளவுதான், பேச்சு முடிஞ்சுது.

கல்யாணத்துக்கப்புறம் வீட்டுக்கு யாரு வந்தாலும், "எம் மருமவ. சிரிச்சுக் காட்டு கண்ணு." கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர்கிட்டக்கூட. அவர் பாவம், "நல்லாருக்குங்க"ன்னுட்டு மீட்டரைப் பாக்காமலே போயிட்டார்.

நான் மாசமானதும் எனக்கு மட்டும் கேன் தண்ணி. வீட்ல மத்த எல்லாரும் அதே போர் தண்ணிதான் குடிக்கறாங்க. "பேரப்புள்ளைக்கு உன் பல்லு வரணும் கண்ணு. எங்களை மாதிரி வாயைப் பொத்திக்கிட்டு வளரக் கூடாது"ன்னு அத்தையே கேனைத் தூக்கி வச்சு ஊத்திக் குடுப்பாங்க. அவ்வளவு பாசம்.

இப்ப நீங்களே சொல்லுங்க. அப்படிப்பட்டவங்ககிட்டப் போய் எனக்குப் பல்லு சொத்தைன்னு எந்த வாயால சொல்லுவேன்?

மசக்கையில வந்த வினைக்கா. பிரஷ்ஷை வாய்க்குள்ள விட்டாலே குமட்டும். முன்பல்லை மட்டும் தேய்ச்சுட்டு வந்துடுவேன். தேய்க்கறப்ப ஈறுல ரத்தம் வேற. அப்புறம் கீழ இடது பக்கம் கடவாய்ப்பல்லு, சூடா ஏதாவது பட்டா சுரீர்னு இழுக்க ஆரம்பிச்சுது. வலது பக்கமா மென்னு தின்னேன். அத்தை பாத்துட்டு, "என்ன கண்ணு, ஒரு பக்கமாவே மெல்லறே?"ன்னாங்க. "அப்படிச் சாப்பிட்டாத்தான் வாந்தி வரல அத்தை"ன்னேன். நான் பொய் சொல்ற ஆளு இல்லக்கா. அது பொய்யும் இல்ல. கொஞ்சம் அப்படியும் இருந்துச்சு.

இவர்கிட்ட மட்டும் சொன்னேன். "அம்மாவுக்குத் தெரிய வேணாம், மனசு ஒடிஞ்சு போயிடுவாங்க"ன்னார். எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. துணி எடுக்கப் போறோம்னு சொல்லிட்டு, அஞ்சாம் மாசம் தர்மபுரியில ஒரு பல் டாக்டரம்மாகிட்டப் போனோம். என் வயசுதான் இருக்கும் அவங்களுக்கு. பாத்துட்டு, "சொத்தை வேர் வரைக்கும் போயிருக்கு. இப்ப விட்டா சீழ் வைக்கும். அஞ்சாம் மாசம்தானே, இதுதான் நல்ல நேரம். எடுத்துடலாம். மரத்துப்போற ஊசி போட்டுத்தான் எடுப்பேன், ஒண்ணும் தெரியாது"ன்னாங்க.

"மரத்துப்போற ஊசின்னா குழந்தைக்கும் மரத்துப் போகாதா மேடம்?"னு கேட்டேன். கேக்கறதுல என்ன தப்பு? நான் பி.எஸ்ஸி. தாவரவியல். எங்க குடும்பத்துல முதல் டிகிரி நான்தான். எங்கப்பா தறி ஓட்டறவர், கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். வீட்ல யாருக்கு மாத்திரை வாங்கினாலும் அட்டையைத் திருப்பிப் படிச்சு, இது இதுக்குன்னு சொல்றது நான்தான். எதையும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் செய்வேன். அந்தம்மா சிரிச்சாங்க. "அந்தப் பல்லைச் சுத்தி மட்டும்தாங்க மரத்துப் போகும். குழந்தை வரைக்கும் போகாது"ன்னாங்க. சிரிச்சுக்கிட்டே சொன்னா எப்படி நம்பறது?

இவர், "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றோம் மேடம்"னார். அதுக்கு அந்தம்மா, "பல்லு உங்க வீட்லயாங்க இருக்கு? இவங்க வாயில இருக்கு. இவங்களைக் கேளுங்க"ன்னாங்க. படிச்ச டாக்டர் பேசற பேச்சாக்கா அது? இவருக்கு முகமே சுருங்கிப் போச்சு. எழுந்து வந்துட்டோம்.

மாத்திரை எழுதிக் குடுத்தாங்க, அஞ்சு நாளைக்கு. விடாம சாப்பிடணும், கர்ப்பிணிக்கு ஒத்துக்கற மாத்திரைதான்னு சொன்னாங்க. அட்டையில பொடி எழுத்துல, "கர்ப்பிணிகள் மருத்துவரின் ஆலோசனைப்படி"ன்னு போட்டிருந்துச்சு. அதைப் படிச்சதிலிருந்து மனசு கேக்கல. ஆனாலும் ஒரு நாள் போட்டேன். வலி விட்டுது. விட்டதும் நிறுத்திட்டேன். வலி இல்லாதப்ப மாத்திரை எதுக்குக்கா? எங்க அத்தைக்குத்தான் சகுனம், திருஷ்டி, எலுமிச்சம்பழம் எல்லாம். எனக்கு அந்த மாதிரி எதுவும் கிடையாது. ஆனா உள்ள ஒரு உசுரு இருக்கறப்பத் தேவையில்லாம ஒரு மாத்திரை கூடப் போகக் கூடாதுங்கறதுல நான் கண்டிப்பு.

கொஞ்சம் இருங்கக்கா. துப்பிக்கறேன்.

எங்க விட்டேன்? ஆங், வளைகாப்பு.

வளைகாப்புக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி திரும்பவும் பிடிச்சுக்கிச்சு. இந்தத் தடவை வேற மாதிரி வலி. காதுக்குள்ள அடிக்குது, பொட்டுல தெறிக்குது. விடிஞ்சு பாத்தா இடது கன்னம் உப்பியிருக்கு. இவர்கிட்டக் காட்டினேன். பத்திரிகை குடுத்தாச்சு, சமையலுக்கு ஆள் சொல்லியாச்சு. "ரெண்டு நாள் பொறுத்துக்க கோகிலா, முடிஞ்சதும் நேரா டாக்டர்"னார். கோகிலவாணி என் பேரு.

வேடிக்கை என்னன்னா, யாருமே கண்டுபிடிக்கல. வந்தவங்க எல்லாம், "முகத்துல என்ன பூரிப்பு பாரு! கன்னமெல்லாம் ததும்புது"ங்கறாங்க. ஒருத்தரு, "இடது பக்கம் பூரிச்சிருந்தா பொண்ணு"ங்கறார். இன்னொரு அம்மா, "உனக்கு இடது எது வலது எது தெரியுமா? ஆம்பளப் புள்ளதான்"ங்கறாங்க. எங்க அத்தைக்கு வாயெல்லாம் சிரிப்பு, முந்தானையை எடுக்கவே இல்ல.

நலங்கு வைக்கறப்பத்தான் கொஞ்சம் கஷ்டமாப் போச்சு. ஒவ்வொருத்தரும் வந்து ரெண்டு கன்னத்துலயும் சந்தனத்தைத் தடவுவாங்க இல்லையா? கை இந்தப் பக்கம் படறப்பெல்லாம் உச்சந்தலை வரைக்கும் இடி இறங்கற மாதிரி இருக்கு. கண்ணுல தண்ணி. ஆனா சிரிச்சுக்கிட்டே இருந்தேன். போட்டோகிராபர் வேற, "அக்கா, பல்லு தெரியச் சிரிங்கக்கா"ங்கறான். அத்தை பக்கத்துல நின்னு, "அதை அவகிட்டச் சொல்லவே வேணாம்"ங்கறாங்க. ஒருத்தர் பாக்கியில்லாம சந்தனம் வச்சு முடிக்கற வரைக்கும் சிரிச்சேன்க்கா. ஆல்பம் வந்தா நீங்க பாக்கணும், வலி இருந்த முகம்னு சொல்லவே மாட்டீங்க.

பந்தி முடிஞ்சு நான் கிராம்பை எடுத்துப் பல்லுல வச்சேன். அத்தைக்கு மூக்கு கூர்மை. "என்ன கண்ணு, கிராம்பு வாசம்?"னு கிட்ட வந்துட்டாங்க. அழுதுட்டேன். வலியில இல்ல, பயத்துல. லேசாப் பல்லு வலிக்குதுன்னேன். லேசான்னுதான் சொன்னேன். அத்தை ஒரு வார்த்தை திட்டலக்கா. கல்லுப்பை வறுத்துத் துணியில கட்டிக் கன்னத்துல ஒத்தடம் குடுத்தாங்க. மாத்தி மாத்தி, அவங்க கை சிவக்கற வரைக்கும். "சரியாயிடும் கண்ணு. பல்லு கில்லு பிடுங்கறேன்னு மட்டும் எங்கயும் போயிடாதே. வளையல் போட்டா பிரசவம் வரைக்கும் ரத்தம் பாக்கக் கூடாது"ன்னாங்க. நான் அதையெல்லாம் நம்பறவ இல்ல. ஆனா இவ்வளவு அன்பா ஒத்தடம் குடுக்கறவங்ககிட்ட எதிர்த்து என்ன பேசறது? நேத்துப் பூராவும் ஒத்தடம்தான். சாயங்காலம் உடம்பு லேசாச் சுட்டுது. உப்புச் சூடுன்னு நெனைச்சுக்கிட்டோம்.

இன்னைக்குக் காலையில எழுந்து கண்ணாடியைப் பாக்கறேன், கன்னம் சப்புன்னு இருக்கு! இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அத்தை ஓடி வந்து பாத்தாங்க. "இறங்கிடுச்சுடா, வீக்கம் இறங்கிடுச்சு!"ன்னு கற்பூரம் ஏத்திட்டாங்க. வலியும் முன்ன மாதிரி இல்ல. மந்தமா ஆயிடுச்சு.

இருந்தாலும் இவர் பொறுப்பானவர். எங்க கிராம நர்சம்மாவுக்குப் போன் போட்டார், மாசாமாசம் வந்து வயித்தைப் பாத்துட்டுப் போவாங்களே, அவங்களுக்கு. நான் பக்கத்துலதான் இருந்தேன். "காய்ச்சல் இருக்கா?"ன்னு கேட்டாங்க. "வெதுவெதுன்னு இருக்குங்க மேடம்"னார். "பல்லுவலின்னா வீக்கம் இருந்துச்சா?" "இருந்துச்சுங்க, இப்ப இறங்கிடுச்சு." "இறங்கிடுச்சா? அப்ப பரவால்ல. சேலம் போனதும் ஒரு டாக்டர்கிட்டக் காட்டுங்க"ன்னாங்க. நர்சே சொல்லியாச்சு, அப்புறம் என்ன? பஸ் ஏறிட்டோம்.

எங்க இறங்குச்சா? இதென்னக்கா கேள்வி. இங்கதான். துண்டை எடுத்துக் காட்டவா? இதோ, தாடைக்குக் கீழ. கன்னத்துல இருந்தது இங்க இறங்கிடுச்சு. முதல்ல இடது பக்கம் மட்டும் இருந்துச்சு, தர்மபுரி ஸ்டாண்டுல உக்காந்திருந்தப்ப இந்தப் பக்கமும் வந்துட்ட மாதிரி தெரிஞ்சுது. தொட்டுப் பாருங்க, கட்டை மாதிரி இருக்கா? அழுத்தாதீங்க. இறங்குதுன்னா நல்லதுதானே, அப்படியே இறங்கி இறங்கிப் போயிடும்.

ஏன் கையை வெடுக்குன்னு எடுத்துட்டீங்க?

காலையில என்ன சாப்பிட்டேனா? இட்லியைப் பால்ல கரைச்சுக் குடுத்தாங்க. முழுங்கறதுக்குள்ள மூக்கு வழியா வந்துடுச்சு. வாயா? இவ்வளவுதான் திறக்கும், பாருங்க. ஆ... போதும்க்கா. நாக்கை யாரோ கீழிருந்து தூக்கிப் பிடிச்ச மாதிரி இருக்கு. சாய்ஞ்சு உக்காந்தா மூச்சு அடைக்குது, அதனாலதான் இப்படி முன்னாடி குனிஞ்சே வர்றேன். கர்ப்பிணிக்கு மூச்சு வாங்கறது சகஜம்னு எல்லா இடத்துலயும் போட்டிருக்கு.

குழந்தை நல்லா இருக்குக்கா. நேத்து வரைக்கும் உதை தாங்க முடியல. ஒத்தடம் குடுக்கறப்ப அது வேற உள்ள துள்ளும். இன்னைக்குத்தான் சாதுவா இருக்கு. காலையிலிருந்து சத்தமே இல்ல. பஸ் ஆட்டத்துல தூங்குது போல.

அக்கா, எதுக்கு எழுந்திருக்கறீங்க? சேலத்துக்கு இன்னும் எவ்வளவோ இருக்கே. தொப்பூரே வரல.

ஐயோ, கண்டக்டரை எதுக்குக் கூப்பிடறீங்க? வேணாம்க்கா, எல்லாரும் பாக்கறாங்க. பாருங்க, அவர் பிரசவ வலியான்னு கேக்கறார். இல்லைங்கண்ணா, பல்லுவலி. பல்லுவலிக்கா பஸ்ஸை நிறுத்தச் சொல்றீங்கன்னு அவர் கேக்கறது நியாயம்தானே? பின்னாடி சிரிக்கறாங்க. நீங்க ஏன்க்கா அவர்கிட்டச் சத்தம் போடறீங்க? அவர் மேல என்ன தப்பு?

துண்டை இழுக்காதீங்கக்கா. சரி, காட்டுங்க. அவரும் பாத்துக்கட்டும்.

அவர் ஏன் விசில் அடிக்கறார்?

என்னங்க... இங்க வாங்க. ஒண்ணுமில்லைங்க, இந்த அக்காதான் பயப்படறாங்க. பையோட வளைகாப்புப் பழத்தட்டையும் எடுத்துக்குங்க. மேல ரேக்குல இருக்கு.

*

டோல்கேட்டாக்கா இது? பஸ் போயிடுச்சே. நீங்களும் இறங்கிட்டீங்களா? உங்க டிக்கெட் வீணாப் போச்சே.

இல்ல, படுக்க மாட்டேன். படுத்தா மூச்சு வரல. பெஞ்சில இப்படியே குனிஞ்சு உக்காந்துக்கறேன். நூத்தியெட்டு சொல்லியாச்சா? யாரு சொன்னது, கண்டக்டரா? நல்ல மனுஷன்.

தண்ணி வேணாம்க்கா. போகாது.

இவர் அம்மாவுக்குப் போன் போடறார். போடட்டும், விடுங்க. அம்மாவைக் கேக்காம ஒரு சட்டை கூட எடுக்க மாட்டார். என்னங்க, ஸ்பீக்கர்ல போடுங்க.

கேட்டுச்சாக்கா? எங்க அத்தை குரல். "பல்லு கிடக்குதுடா, பல்லை வச்சு நான் என்ன பண்ணப் போறேன்? அஞ்சாம் மாசமே சொல்லியிருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பேனேடா!" அழறாங்க. பாத்தீங்களா, நான் சொன்னேன் இல்ல, தங்கமானவங்க. அப்ப அந்த டாக்டரம்மா... சரி. ஆனா அப்ப சொல்லியிருந்தா அவங்க மனசு என்ன பாடு பட்டிருக்கும்? அப்பச் சொல்லாததுதான் சரி.

சரிதானேக்கா?

பேச வேணாமா? பேசாம இருந்தா பயமா இருக்கு. மூச்சு உள்ள போறப்ப ஒரு சத்தம் வருது, உங்களுக்குக் கேக்குதா? இவ்வளவு நேரம் பஸ் சத்தத்துல எனக்குத் தெரியல.

உள்பல்லுதான்க்கா. எடுத்தாலும் சிரிச்சா வெளிய தெரியாது. இவர்கிட்டச் சொல்லுங்க, அத்தைகிட்ட அதைச் சொல்லச் சொல்லுங்க.

உங்க கை சில்லுன்னு இருக்கு. நல்லா இருக்கு. அப்படியே வயித்து மேல வச்சுக்குங்க. அங்க இல்ல, கொஞ்சம் கீழ. இடது பக்கம். அங்கதான் காலு இருக்குன்னு நர்சம்மா காட்டினாங்க.

தெரியுதா?

இல்ல, அது என் மூச்சு. நான் மூச்சு விடாம இருக்கேன், இப்பப் பாருங்க.

ஏன்க்கா இவரைப் பாக்கறீங்க? என்னைப் பாத்துச் சொல்லுங்க. எடுத்துடாதீங்க. ஆம்புலன்ஸ் சத்தம் கேக்குது, வரட்டும். நீங்க கையை வச்சுக்கிட்டே ஏறுங்க. இன்னும் கொஞ்சம் அழுத்தி வைங்கக்கா.